எந்த அடுப்பு?

தோப்பூர்ச் சந்தியில் நின்று "தயிர்க்கார ஸெய்னுதீன் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்கப்பட்டவன் கொஞ்சம் யோசிப்பான். "ஆரு, சாணி கேஸ் ஸெய்னுதீனா?" என்று திருப்பிக் கேட்பான். கேட்கும்போதே வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து நிற்கும். வாப்பா காலத்திலிருந்து எருமைத் தயிர் விற்று வந்த குடும்பம் அது. அத்தனை காலத்துப் பெயரையும் வளவுக்குள் கட்டிய ஒரு தொட்டி ஒரே வருடத்தில் விழுங்கிவிட்டது.

மனிதர் கெட்டவர் இல்லை. கோபக்காரர். அவசரக்காரர். ஒரு விசயம் மனதில் பிடித்துவிட்டால் இரண்டாவது ஆளிடம் கேட்கமாட்டார். கேட்டாலும் பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். ஆனால் பெண்சாதி என்றால் உயிர். கிளினிக் வரிசையில் பஹ்மியாவின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பார். சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நிற்பார்.

பஹ்மியாவுக்கு இழுப்பு, மூச்சு வியாதி. கல்யாணம் முடித்து வந்த நாளிலிருந்து குசினிப் புகைக்குள் நின்றவள். தயிர் என்றால் சும்மாவா? காலையில் கறந்த பால், பின்னேரம் கறந்த பால், இரண்டையும் பெரிய பானையில் ஊற்றி, ஆடை கட்டும்வரை நின்று காய்ச்ச வேண்டும். விறகடுப்பு. தகரக்கூரை. மாரியில் விறகும் நனைந்துவிடும். "புகைக்குள்ள நிக்காதீங்க, நிண்டா மருந்து வேலை செய்யாது" என்று டொக்டர் சொன்னார். சொல்வது லேசு. கடைக் கேஸ் வாங்கலாம் என்றால், நாடு முழுக்கச் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரோட்டில் படுத்துக்கிடந்த காலம் அது. பிறகு கேஸ் வந்தது. ஆனால் அத்தனை பாலைச் சிலிண்டரில் காய்ச்சினால் தயிரில் ஒன்றும் மிஞ்சாது. அதோடு, சிலிண்டர் வெடித்த கதைகளைக் கேட்டதிலிருந்து பஹ்மியா அதன் பக்கமே போகமாட்டாள்.

இந்த நேரத்தில்தான் கமநல சேவை நிலையத்தில் ஒரு கூட்டம் நடந்தது. மாட்டுச் சாணியில் கேஸ் எடுக்கிற திட்டம் பற்றி விளக்கியவர் லக்சனா மிஸ். பக்கத்துத் தமிழ்க் கிராமம் ஒன்றிலிருந்து வந்த இளம் உத்தியோகத்தர், விசயம் தெரிந்தவர். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொன்னார். மாடுகள் மேயப் போகாமல் கட்டிலே நிற்க வேண்டும். சாணியும் தண்ணீரும் சமமாகக் கரைத்துத் தினமும் ஊற்ற வேண்டும். வருடம் முழுக்க ஊற்ற வேண்டும், இடையில் விட்டால் தொட்டி படுத்துவிடும். கழிவாக வருவது வயலுக்கு நல்ல பசளை. தொட்டி கட்டும் கொத்துக்கூலியில் ஒரு பங்கைத் திட்டம் தரும். ஸெய்னுதீனின் காதுக்குள் போனது ஒரேயொரு வசனம்: "இதில புகை வராது." அதைக் கேட்டவுடன் எழும்பிக் கையை உயர்த்தி, "எனக்கு ஒண்டு கட்டித் தாங்க மிஸ்" என்றார். மிஸ் இன்னும் பேசி முடிக்கவில்லை.

அது அறுவடை முடிந்த காலம். மாடுகள் எல்லாம் வெட்டிய வயலுக்குத் திரும்பி, இரவில் வளவுப் பட்டியில் அடைந்தன. சாணி குவிந்து கிடந்தது. இந்தப் பக்கத்து மாடு வருடத்தில் பாதி ஊரில் நிற்காது, பெரும்போகம் விதைத்தால் காட்டுக்குப் போய்விடும் என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். ஸெய்னுதீனுக்கும் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் கிடந்த குவியலைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டார்.

தொட்டி எழும்பியது. நிலத்துக்குக் கீழே செங்கல்லால் கவிழ்த்த பானை போல ஒரு கூடு, ஒரு பக்கம் சாணி ஊற்றும் வாய், மறுபக்கம் கழிவு வாய், உச்சியிலிருந்து குசினிக்கு ஒரு குழாய். முதன்முதல் அடுப்பு பற்றிய நாள் அவர் செய்த ஆர்ப்பாட்டத்தைச் சொல்லி மாளாது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவனையெல்லாம் கூப்பிட்டார். "வா வா, வந்து பாரு! புகை இரிக்கா? மூக்க வெச்சிப் பாரு!" நீல நிறத்தில், சத்தமில்லாமல் எரிந்தது. பஹ்மியா அடுப்புக்குக் கிட்டப் போய் நின்று, பயந்து பயந்து, மூச்சை உள்ளே இழுத்தாள். இருமல் வரவில்லை. திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் காணாமல் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

தேநீர் ஊற்றினார்கள். பக்கத்து வளவில் இருக்கும் அவருடைய தங்கச்சி ஷிஃபானா கோப்பையைக் கையில் வாங்கிவிட்டுக் கேட்டாள்.

"காக்கா, இந்த நெருப்பு சாணியில இருந்தா வருது?"

"பின்ன?"

"சாணி நஜீஸ்தானே காக்கா. அப்ப இந்தத் தேத்தண்ணி?"

ஆளாளுக்குத் தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள். அசுத்தமான பொருளில் எழும்பிய நெருப்பு, அதில் வெந்த சாப்பாடு, சாப்பிட்டுவிட்டுத் தொழுகை. ஒருவருக்கும் முதலில் தோன்றாத கேள்வி. லக்சனா மிஸ்ஸுக்கு அது தோன்ற வழியே இல்லை, பாவம். அவர் வீட்டில் முற்றம் மெழுகுவதே சாணியால்தான்.

ஸெய்னுதீன் விடுகிற ஆளா? அடுத்த நாளே மௌலவியைக் கூட்டி வந்தார். மௌலவி தொட்டியைச் சுற்றிப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லிப் பார்த்தார். "இது காத்து. சாணி சட்டியில படுறதில்ல, சாப்பாட்டில சேர்றதில்ல. தாராளமாச் சமைங்க" என்று சொல்லி, கதிரையில் இருந்து, தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. ஓம், ஹலால்தான் என்று ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டுவிட்டு, ஒருவர் பின் ஒருவராக ஏதோ வேலை சொல்லிக்கொண்டு போய்விட்டது. ஸெய்னுதீன் அதைக் கவனிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை வழக்கு தீர்ந்துவிட்டது.

சில மாதம் நன்றாகத்தான் போனது. கழிவைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் விட்டார். செடிகள் குப்பென்று எழும்பின. "பசளைக்கு ஆருட்டயும் கையேந்தத் தேவயில்ல" என்று வயல் வட்டைக்குப் போகிற வழியெல்லாம் பேசினார். பிறகு புரட்டாசி வந்தது. பெரும்போக ஆரம்பக் கூட்டம் வந்தது. விதைப்புக்கு முன் மாடுகள் எல்லாம் வயல் பக்கத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று வயல்களுக்குப் பொறுப்பான வட்டவிதானை ஹிஸ்புல்லா வழக்கம்போல அறிவித்தார். ஸெய்னுதீனுக்கு அப்போதுதான் தொட்டி ஞாபகம் வந்தது.

"விதான, மாடு போனா என்ட தொட்டி என்னத்த தின்னும்?" என்று எழும்பினார்.

"தொட்டிக்கு வெள்ளாமயத் தின்னக் குடுக்கவா சொல்றீங்க?" என்றார் ஹிஸ்புல்லா. கூட்டம் சிரித்தது.

ஸெய்னுதீன் சிரிக்கவில்லை. "என்ட பொஞ்சாதிக்கு மூச்சு ஏலாது. அவ புகைக்குள்ள போகக் கூடா. நாலு எருமைய மட்டும் கட்டில வெச்சிக்கிறன். அவிழ்ந்து வயலுக்க போனா என்னத் தண்டியுங்க" என்றார். ஒரு பெரிய மனிதர் கூட்டத்தில் இப்படிப் பெண்சாதியின் மூச்சைப் பற்றிப் பேசியது எல்லோருக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. ஹிஸ்புல்லா தலையாட்டினார்.

அன்றிலிருந்து மனிதருக்கு நாய்ப்பாடு. மற்ற மாடுகள் கூலிக்காரனோடு காட்டுக்குப் போயின. கட்டில் நின்ற நாலுக்கும் விடிய எழும்பி, குளக்கட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் புல் வெட்டிச் சுமந்து வந்து போட்டார். சாணி அள்ளினார், கரைத்தார், ஊற்றினார். முதுகு விட்டுப்போனது. ஆனால் ஒரு சந்தோசம் இருந்தது. நாலு எருமைச் சாணிக்கே கேஸ் முட்டி நின்றது. கழிவு வாயில் குபுகுபுவென்று குமிழி வந்தது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தக் குமிழியைக் காட்டினார். "பாருங்க, மிஞ்சி வழியிது! ஆரு சொன்ன, மாடு போனா தொட்டி படுத்துரும் எண்டு?"

இவ்வளவும் இருந்தும் பஹ்மியாவின் மூச்சு மட்டும் நல்லாகவில்லை. மாரி தொடங்கியதும் இன்னும் மோசமானது. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் கேட்டது. ஸெய்னுதீன் குளிரைத் திட்டினார், மழையைத் திட்டினார், மருந்தைத் திட்டினார். தலையணை வாங்கிக் கொடுத்தார், யன்னலுக்குத் தகரம் அடித்தார். வீட்டில்தான் புகையே இல்லையே!

ஒரு நாள் காலை லக்சனா மிஸ் தொட்டியைப் பார்க்க வந்தார். ஸெய்னுதீன் பெருமையாகக் குமிழியைக் காட்டினார். மிஸ்ஸின் முகம் மாறியது.

"நானா, இது நல்லதில்லை. உள்ளுக்க கேஸ் நிறைஞ்சு போக இடமில்லாமல் இந்தப் பக்கத்தால தப்புது. நாலு எருமைச் சாணிக்கு இவ்வளவு மிஞ்சாது. வீட்டில அடுப்பைப் பாவிக்கிறது குறைவோ?"

"என்ன மிஸ் கதை இது? என்ட பொஞ்சாதி மூணு நேரமும் அதிலதான் சமைக்கிற!"

"எரிஞ்சிருந்தா குமிழி வராது, நானா" என்றார் மிஸ் மெதுவாக.

ஸெய்னுதீனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். தன் வீட்டைப் பற்றித் தனக்கே பாடம் சொல்வதா? "வாங்க, வந்து அடுப்பத் தொட்டுப் பாருங்க, சூடு தெரியும்" என்று விறுவிறுவென்று குசினிக்குள் போனார். மிஸ் வாசலில் நின்றுவிட்டார். இவர் அடுப்பில் கையை வைத்தார். பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தது. பானையைக் காணவில்லை. காலைப் பாலையும் காணவில்லை. பின்பக்கமிருந்து புகை மணம் வந்தது.

மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால், ஒரு தகரத்துக்குக் கீழே, மூன்று கல்லை வைத்துப் பஹ்மியா குந்தியிருந்தாள். ஈர விறகு. வாயையும் மூக்கையும் சுற்றி நனைத்த துணி கட்டியிருந்தாள். கண் இரண்டும் இரத்தமாகச் சிவந்திருந்தன. பானையில் பால் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன புள்ள இது?" என்றார்.

அவள் எழும்பவில்லை. "பால் பொங்கப் போகுது. கொஞ்சம் பொறுங்க" என்றாள். பானையை இறக்கி வைத்துவிட்டுத்தான் துணியை அவிழ்த்தாள். இருமினாள். இருமி முடிய நேரம் எடுத்தது.

"தயிர் ஏத்த வந்த மூதூர்க் கடைக்காரன் பஸ்லான் கேட்டான், ராத்தா, எந்த அடுப்பில காய்ச்சின எண்டு. வாற சனமெல்லாம் அதத்தான் கேக்கிற. எந்த அடுப்பு, எந்த அடுப்பு. விறகடுப்பு எண்டு சொல்லிப்போட்டன். சொன்னாத்தானே வாங்கிறாங்க. பொய்யச் சொல்லி ஊருக்குத் தயிர் ஊத்த ஏலுமா? அதான் சொன்னத உண்மையாக்கிட்டன்."

"நாசமாப் போகட்டும் அந்தத் தயிர்! தயிருக்காக மூச்சு நிண்டு சாகப் போறியா?"

"தயிர் மட்டுமா?" என்றாள் பஹ்மியா. "ஹஜ் பெருநாளைக்கு வட்டிலப்பம் அவிச்சி உங்கட தங்கச்சிக்குக் குடுத்தனுப்பின நான். பின்னேரம் வேலியால பாத்தன். வாழைக்குக் கீழ அதக் கோழி கொத்திட்டு நிண்டிச்சி. மத்த நாள் வந்து, 'மதினி, வட்டிலப்பம் நல்லாருந்திச்சி' எண்டா. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? மூச்சுக்கு மருந்து இரிக்கி. வளவுக்க ஒரு சனம் வந்து ஒரு வாய் தின்னாட்டி, அதுக்கு என்ன மருந்து?"

அந்தத் தொட்டியைக் கட்டிய நாளிலிருந்து ஸெய்னுதீன் புகையைப் பற்றித்தான் நினைத்தார். மனிசர் வந்து சாப்பிடுகிற வீடு என்பது பஹ்மியாவுக்கு எவ்வளவு பெரியது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. லக்சனா மிஸ் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்.

அன்று பின்னேரமே பஹ்மியாவுக்கு இழுப்புக் கடுமையானது. உதடு நீலமாகிப் பேச்சு நின்றது. ஓட்டோ பிடித்து, மழைக்குள்ளால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூக்கில் மூடி வைத்து மருந்துக்காற்று கொடுத்தார்கள். பிறகு ஒட்சிசன் கொடுத்தார்கள். "புகைக்குள்ள நிண்டவவா?" என்று டொக்டர் கேட்டார். எங்கட வீட்டில் புகை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய் அது. "ஓம்" என்று சொல்லும்போது ஸெய்னுதீனுக்கு வெட்கத்தில் நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. "இனி ஒருக்கா இப்பிடி வந்தா கஸ்டம். தாங்கமாட்டா" என்று டொக்டர் சொன்னார். வாட்டு வாசலில் நின்று மனிதர் வெளிப்படையாக அழுதார்.

அல்லாஹ்வின் காவல், பஹ்மியா பிழைத்து வந்தாள். மெலிந்து, மெதுவாக நடந்து வந்தாள். வீட்டுக்கு வந்த அன்றே சுகம் விசாரிக்கப் பெண்கள் கூடிவிட்டார்கள். வீட்டு மண்டபத்தில் பாய் விரித்து இருந்தார்கள். ஷிஃபானாவும் வந்திருந்தாள், மதினியின் காலடியில் இருந்து காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

வந்த சனத்தைச் சும்மா இருத்தி வைக்கப் பஹ்மியாவால் ஏலாது. ஸெய்னுதீன் பக்கத்தில் நிற்க, கேஸ் அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் ஊற்றினாள். புகை இல்லை, இருமல் இல்லை. தட்டத்தில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எல்லோரும் எடுத்தார்கள். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கதைத்தார்கள். மழையைப் பற்றிக் கதைத்தார்கள், ஆஸ்பத்திரியைப் பற்றிக் கதைத்தார்கள். தேநீர் ஆறிக்கொண்டே போனது. ஒருவரும் குடிக்கவில்லை.

ஸெய்னுதீன் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டே தீருவது என்று நெஞ்சு பொங்கியது. அதற்குள் ஷிஃபானா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து உதடுவரை கொண்டுபோனாள். அங்கேயே வைத்திருந்தாள். பிறகு கீழே இறக்கினாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"காக்கா, குடிக்கத்தான் பாக்கிறன். அல்லாஹ்வுக்காகச் சொல்றன், தொண்டைக்குக் கீழ இறங்குதில்ல. மௌலவி சொன்னதும் தெரியும். எல்லாம் தெரியும். ஏலுதில்ல காக்கா. மதினி, என்ன மன்னிச்சிருங்க."

கேலி செய்திருந்தால் வீட்டை விட்டுத் துரத்தியிருப்பார். அழுகிறவளை என்ன செய்வது? பொங்கிய கோபம் போக இடமில்லாமல் நெஞ்சுக்குள்ளேயே கிடந்தது.

பஹ்மியா ஷிஃபானாவின் தலையைத் தடவினாள். "பரவால்ல புள்ள. மன்னிக்க என்ன இரிக்கி?" என்றாள். கையை ஊன்றி எழும்பிக் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டத்தில் சேர்த்தாள். "இரிங்க, வேற தேத்தண்ணி ஊத்தித் தாறன்."

"வேணாம், வேணாம்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"வந்த சனம் வெறும் வாயோட போறதா?" என்று சொல்லிக்கொண்டே அவள் பின்பக்கம் போனாள். எந்த இடத்துக்குப் போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஸெய்னுதீன் ஓடிப்போய் அவள் கையிலிருந்த நெருப்புப்பெட்டியைப் பிடுங்கினார்.

"உள்ள போ."

"உங்களுக்குத் தெரியாது, ஈர விறகு."

"உள்ள போ எண்டன்!"

அவள் கதவடிவரை போய், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றாள். ஸெய்னுதீன் கல்லுகளுக்கு முன்னால் குந்தினார். தீக்குச்சி ஒன்றுக்கு மேல் ஒன்றாக அணைந்தது. குனிந்து ஊதினார். புகை முகத்தில் அடித்தது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது, தொண்டை அடைத்தது, இருமினார், திரும்பவும் ஊதினார். இத்தனை வருடமும் இவள் குடித்தது இதைத்தான், நான் ஒரு நாளாவது இதற்குள் தலையை நீட்டிப் பார்த்தேனா என்று நினைத்தார். மண்டபத்தில் பேச்சுச் சத்தம் அடங்கிப்போயிருந்தது; அவர் இருமுவது உள்ளே நன்றாகக் கேட்டிருக்கும்.

ஒருவாறு நெருப்பு பிடித்தது. தண்ணீர் கொதித்தது. தேயிலையைக் கையால் அள்ளிப் போட்டார். பிறகு சீனிப் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்தார். வாழ்நாளில் ஒரு கோப்பை தேநீர் ஊற்றாத மனிதர்.

"இதுக்கு எத்தின கரண்டி?" என்று புகைக்குள்ளிருந்து கேட்டார்.

பஹ்மியா ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"வராத! நிண்ட இடத்தில நிண்டு சொல்லு!"

"எல்லாருக்கும் ஒண்டு" என்றாள் பஹ்மியா. "ஷிஃபானாக்கு ரெண்டு போடுங்க. அவ இனிப்பாத்தான் குடிப்பா."